முதல் தேங்க்ஸ்கிவிங் டின்னர் வீட்ல வைக்கிறோம், பத்து பேர், பாதி பேர் சைவம், வான்கோழி செஞ்சதே இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஃப்ரிட்ஜ்ல இருந்து ஆரம்பிங்க. சும்மா சொல்லல. நீங்க யாருன்னு எனக்கு ஓரளவு தெரியும், அபார்ட்மென்ட், ஒரே ஒரு ஓவன், ஃப்ரிட்ஜ் கீழ்தட்டு முழுக்க இட்லி மாவு, ஊர்ல இருந்து மாமனார் மாமியாரோ அப்பா அம்மாவோ வந்திருப்பாங்க, ஆபீஸ்ல யாரோ "என்ன பிளான்"னு கேட்டதுக்கு "எங்க வீட்டுக்கு வாங்களேன்"னு சொல்லிட்டு இப்ப ராத்திரி தூக்கம் வராம இங்க வந்து கேக்கறீங்க. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, ஆனா தப்பா இருக்காது.

நான் அமெரிக்காவுல நியூஜெர்சில இருக்கேன், நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற இந்த நன்றி சொல்ற பண்டிகை டின்னர வருஷா வருஷம் எங்க வீட்லதான் வைக்கிறோம். ஏன் வைக்க ஆரம்பிச்சேன்னு கீழ சொல்றேன், அது வேற கதை.

கறி சாப்பிடற ஆளுக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை பவுண்டுன்னு கணக்கு. உங்க பத்து பேர்ல அஞ்சு பேர் சைவம்னா 10 பவுண்டு பறவையே மிச்சமாகும். அந்த வாரம் கடையில "இவ்வளவுக்கு சாமான் வாங்கினா டர்க்கி ஃப்ரீ"ன்னு போடுவான், ஆசைப்பட்டு 20 பவுண்டு தூக்கிட்டு வந்தா ஃப்ரிட்ஜ்லயும் நுழையாது, ஓவன்லயும் நுழையாது. கல்லு மாதிரி உறைஞ்சிருக்கறது ஃப்ரிட்ஜ்ல இளக 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 10 பவுண்டுக்கு ரெண்டரை நாள், கைகாவலுக்கு இன்னும் ஒரு நாள், அதனால ஞாயிறு ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்தட்டுல ஒரு பெரிய ட்ரேல வைங்க, தண்ணி சொட்டும். மாவு அந்த வாரம் அரைக்காதீங்க. புதன்கிழமை பாத்தா இன்னும் ஐஸா இருக்குன்னா கவரோட பச்சத் தண்ணில முக்கி வைக்கலாம், பவுண்டுக்கு அரை மணி நேரம், அரை மணிக்கு ஒருதரம் தண்ணி மாத்தணும். வெந்நீர் வேண்டாம், வெளிய கிச்சன் மேடை மேல ராத்திரி பூரா வைக்கறதும் வேண்டாம்.

கழுவறது. இங்கதான் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. இந்த ஊர் விவசாயத்துறை தெளிவாவே சொல்றான், கழுவாதீங்க, சிங்க்ல தெறிச்சு சாலட் வரைக்கும் கிருமி போகும், சூட்டுல எப்படியும் செத்துடும்னு. எங்கம்மா விருதுநகர்ல இருந்து வீடியோ கால்ல "மஞ்சப்பொடி போட்டு அலசாம எப்படிடி திம்பாங்க"ன்னு வருஷா வருஷம் கேக்கறாங்க, நானும் "சரிம்மா"ன்னு சொல்லிட்டு கழுவறதில்ல. உங்க வீட்ல கழுவினா கழுவிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல, சிங்க்க மட்டும் அப்புறம் நல்லா தேச்சிடுங்க. வயித்துக்குள்ள கைய விட்டு கழுத்து, ஈரல் வச்ச பையை மறக்காம எடுங்க. ஈரல மிளகு போட்டு வறுத்தா சமைக்கறவங்களுக்கே சரியா இருக்கும், அத டேபிளுக்கு கொண்டு போகவே வேண்டாம்.

லேபிள படிங்க. நிறைய பறவைல ஏற்கனவே உப்புத்தண்ணி ஊசி போட்டு ஏத்தியிருப்பான், அதுக்கு மேல நீங்களும் யூடியூப் பாத்து உப்புல ஊற வச்சா வாயில வைக்க முடியாது. நான் புதன் ராத்திரி தோலுக்கு அடியில வெண்ணெய், மிளகு, பூண்டு, கருவேப்பிலைப் பொடி தடவிடுவேன், அவ்வளவுதான். 325 டிகிரி பாரன்ஹீட், 10 பவுண்டுக்கு மூணு மணி நேரம் பக்கம் ஆகும், ஆனா கடிகாரத்த நம்பாதீங்க, வெந்ததும் மேல எழும்பும்னு நெஞ்சுல குத்தி வச்சிருக்கற அந்த பிளாஸ்டிக் குமிழையும் நம்பாதீங்க. தெர்மாமீட்டர் வாங்கி நெஞ்சுலயும் தொடையிலயும் எலும்புல படாம குத்தி 165 வந்தா எடுங்க. எடுத்ததும் வெட்டாதீங்க, அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும். அந்த அரை மணி நேரம்தான் உங்க ஓவன் காலியா இருக்கற நேரம், மத்த ஐட்டம் எல்லாம் அப்பதான் சூடாகணும். பிளானிங்னா இந்த ஒரு கணக்குதான்.

சைவத்துக்கு வர்றேன். எங்க மாமனார் மாமியார் மாயவரம், முட்டை கூட கிடையாது. இந்த ஊர்ல சைட் டிஷ் எல்லாம் பாக்க சைவமா இருக்கும். பாக்கெட் ஸ்டஃபிங்ல, அதாவது பறவைக்குள்ள அடைக்கற ரொட்டித்துண்டு கலவைல, சிக்கன் சாறு இருக்கும், சக்கரவள்ளிக்கிழங்கு மேல போடற மார்ஷ்மெல்லோ மிட்டாய்ல மாட்டு, பன்னி எலும்பு தோல்ல இருந்து எடுக்கற ஜெலட்டின், "பை"ங்கற (pie) இனிப்புப் பண்டம் சிலதோட மாவுல பன்னிக்கொழுப்பு கூட இருக்கும். பம்ப்கின் பைல முட்டை. ஸ்டஃபிங்க பறவைக்குள்ள அடைக்காம தனி ட்ரேல காய்கறி சாறு ஊத்தி செஞ்சா எல்லாரும் சாப்பிடலாம். முழுப் பறவைய நடு டேபிள்ல வச்சு வெட்டற டிவி சீனும் வேண்டாம், கிச்சன்லயே வெட்டி தட்டுல துண்டா கொண்டு வாங்க. அத்தை முகம் சுளிக்காம உக்காந்து சாப்பிட்டாங்கன்னா அதுக்கு இதுதான் காரணம். அவங்களுக்குன்னு ஒரு உருப்படியான மெயின் வேணும், நான் வெஜ் பிரியாணி பண்ணிடுவேன். அப்புறம் கிரான்பெரி தொக்கு. இந்த சீசன்லதான் பச்சையா கிடைக்கும், நல்லெண்ணெய்ல கடுகு தாளிச்சு, வெந்தயம் பெருங்காயம் வறுத்துப் பொடிச்சு, மிளகாப்பொடி போட்டு சுண்ட வச்சா மாங்கா தொக்கு தோத்துடும். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி டின்ல வர்ற அந்த இனிப்பு சாஸ ஓரமா தள்ளிட்டு தொக்கையே வான்கோழிக்கு தொட்டுக்கிட்டாங்க, கண்ல தண்ணி வந்துச்சு, ஆனா நிறுத்தல. அவங்க கொண்டு வந்தது கிரீன் பீன் காசரோல், 1955ல கேம்பல் சூப் கம்பெனி கிச்சன்ல கண்டுபிடிச்ச ஐட்டம், காளான் சூப் டின்னும் பீன்ஸும் மேல வறுத்த வெங்காயமும். எனக்கு அது பிடிக்காது. ஆனா மாமாவுக்கு அது "கூட்டு மாதிரி நல்லாருக்கு"ன்னு ரெண்டு கரண்டி.

சாப்பிடறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு எதுக்கு நன்றின்னு சொல்லணும்னு பாட்டி சொன்னாங்க. ஹாஸ்டல் மூடிட்டதால எங்க வீட்டுக்கு வந்திருந்த, இங்க எம்எஸ் படிக்கற பசங்க "சாப்பாட்டுக்கு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டானுங்க. மின்வாரியத்துல ரிட்டயர் ஆன எங்க மாமா யோசிச்சு, "வந்ததுல இருந்து இங்க கரண்ட்டே போகல, அதுக்கு"ன்னார். மொழிபெயர்க்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் சிரிச்சே செத்துட்டார்.

இப்ப ஏன் வைக்கிறேன்னு சொல்லிடறேன், இது கேள்விக்கு சம்பந்தமில்ல, வேணும்னா தாண்டிப் போங்க. ஆன்லைன் ரீட்டெய்ல் கிளையன்ட்ல வேலை பாக்கறவங்களுக்கு புரியும். தேங்க்ஸ்கிவிங், மறுநாள் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கற பிளாக் ஃப்ரைடே, அந்த வாரத்துல சிஸ்டம் மக்கர் பண்ணா எந்நேரமும் ஓடி வரணும்ங்கற ஆன்கால் லிஸ்ட்ல யார் பேர் இருக்கும்? நம்ம பேர். ஏன்னு கேட்டா "உங்களுக்கு இது பண்டிகை இல்லையே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான் மேனேஜர். சரி, நம்ம பண்டிகைக்காவது விடுவானான்னா, 2024ல தீபாவளி அக்டோபர் 31 வியாழக்கிழமை, அன்னிக்குதான் சாஃப்ட்வேர்ல எதையும் மாத்தக் கூடாதுங்கற நவம்பர் ஃப்ரீஸுக்கு முன்னாடி கடைசி ரிலீஸ், ஆபீஸ் போன் கால்ல உக்காந்தே அதிரசம் தின்னேன். ரெண்டும் இல்லன்னா எங்களுக்கு என்னதான்யா பண்டிகை? அதே மேனேஜரும் இந்தியாக்காரர்ங்கறதுதான் இன்னும் எரிச்சல். அதுக்கப்புறம் கெஸ்ட் லிஸ்ட்ட அக்டோபர்லயே காலண்டர்ல போட்டு டீம் முழுக்க தெரியற மாதிரி வச்சிருக்கேன், "என் வீட்ல டின்னர், பத்து பேர்". ஆன்கால் லிஸ்ட்ல பேர் மாறிடுச்சு.

"பூர்வகுடிகள் நிலத்த புடுங்கினவன் பண்டிகைய நாம ஏன்"னு கமென்ட் வரும், தெரியும். அந்தப் பூர்வகுடிகள்ல ஒருத்தரான வாம்பனோக் மக்கள் 1970ல இருந்து மாசசூசெட்ஸ்ல இருக்கற பிளிமத் ஊர்ல அதே நாள துக்க நாளா கடைப்பிடிக்கறாங்க, அதையும் என் பொண்ணுக்கு சொல்லித்தான் வளக்கறேன். ஜனாதிபதி லிங்கன் 1863ல உள்நாட்டுப் போர் நடுவுல இத தேசிய நன்றி நாளா அறிவிச்சதும் சொல்லியிருக்கேன். எல்லாம் தெரிஞ்சும் நாலு பேருக்கு சோறு போடறேன், அதுல என்ன குத்தம்?

நேரம் சொல்றதுல மட்டும் கவனம். இங்க இது மதியம் ரெண்டு, மூணு மணி சாப்பாடு, அமெரிக்கக்காரங்க சொன்ன நேரத்துக்கு வாசல்ல நிப்பாங்க. நம்மாளுங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லி வைங்க, போன் பண்ணி "ஊர்ல இருந்து யாராச்சும் கூட வர்றாங்களா"ன்னும் கேட்டுக்கோங்க, அத அவங்களா சொல்ல மாட்டாங்க.

மிச்சம் இருக்கறத ரெண்டு மணி நேரத்துக்குள்ள சின்ன சின்ன டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஞாயிறுக்குள்ள தீத்துடுங்க, கொத்து பரோட்டாவுக்கு அருமையா இருக்கும். கெஸ்ட்டுக்கு கட்டிக் குடுக்க பிளாஸ்டிக் டப்பா வாங்கிடுங்க, ஸ்டீல் தூக்கு போனா வராது. தெர்மாமீட்டர இப்பவே ஆர்டர் போடுங்க, அந்த வாரம் போய்த் தேடாதீங்க.