இரவு வார்ட்டில் நோயாளி அடிக்க வந்தால் என்ன செய்வது?

மலையக வைத்தியசாலையில் இரவுக் கடமையில் இருக்கும் தாதி, நோயாளி கை ஓங்கினால் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விலகுங்கள். இரண்டு கை நீளத்துக்கு அப்பால், சற்றுப் பக்கவாட்டில், கதவு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டி தொங்கினால் கழற்றிவிடுங்கள், பிடித்து இழுக்க அதுவே போதும். தனியாகப் பிடிக்கப் போகவே வேண்டாம். கை கால்களுக்கு நால்வர், தலைப்பக்கம் ஒருவர் என ஐந்து பேர் சேர்ந்த பிறகே பிடிக்க வேண்டும். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினால் மூச்சு நின்றுவிடும்.

‘குடிகாரன்’ என்று முடிவுகட்டுமுன் இரத்தச் சீனியையும் ஒட்சிசன் அளவையும் பாருங்கள். சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனவரும் அடிக்க வரலாம்.

எங்கள் பக்கம் அடிக்கடி தவறவிடப்படுவது குடி நின்றதால் வரும் சித்தக்கலக்கம். தினமும் கசிப்போ (கள்ளச் சாராயம்) சாராயமோ குடித்தவர் கால் முறிந்து வார்ட்டுக்கு வருகிறார். முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டாம், மூன்றாம் இரவில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், மருந்து ஏற்ற நரம்பில் போட்ட கனூலாக் குழாயைப் பிடுங்குவார், தடுப்பவரை அடிப்பார். அனுமதிக்கும்போதே “அண்ணே, கடைசியா எப்ப குடிச்சீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்று கேட்டுப் பெட்ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் வார்ட்டுப் பதிவேடு) எழுதிவைத்தால், டொக்டர் தயமினும் (விற்றமின் பி1) நடுக்கத்தையும் பதற்றத்தையும் அடக்கும் டயசிபாமும் முன்கூட்டியே தொடங்கலாம். அவர் மழுப்பினால் மனைவியைத் தனியே கேளுங்கள்.

பூச்சிமருந்து குடித்து, அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஏறிக்கொண்டிருப்பவர் திடீரென முரண்டு பிடித்தால் தோலைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து, சுட்டு, வயிற்றில் குடல் சத்தமும் இல்லையென்றால் அட்ரோபின் கூடிவிட்டது. அவரைக் கட்டிப்போடுவதால் ஒன்றும் தீராது. உடனே டொக்டரை அழையுங்கள், அட்ரோபினை நிறுத்த வேண்டும்.

உறவினர் கோபம் வேறு. மழையில் வாகனம் தேடித் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) ஆளைக் கொண்டுவந்தவருக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் கிடைத்தால் பயம் கோபமாகிவிடும். என்ன நடக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று தமிழில் இரண்டு வசனம் சொல்ல ஒருவரை ஒவ்வொரு முறைக் கடமையிலும் வைக்க வேண்டும். இதை நிர்வாகத்திடம் விடாமல் கேளுங்கள்.

அடி விழுந்துவிட்டால் பொறுத்துப் போகாதீர்கள். அன்றைக்கே காயத்தைப் பதிந்து, பொலிஸில் முறைப்பாடு செய்து, அவர்கள் தரும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் போங்கள். அரச ஊழியரின் கடமையைத் தடுக்கத் தாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவில் குற்றம். பொருள் உடைந்திருந்தால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டமும் சேரும். ஆகவே உடைந்ததைக் கூட்டி அள்ளுமுன் படம் எடுத்துவிடுங்கள்.