'நல்லா இருக்கேன்' என்றால் குதிரை நம்புமா?

கேள்வி: எனக்கு வயது 41. கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அழுகையே வருவதில்லை, யார் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் வாயில் வருகிறது. ஈசிஆர் பக்கம் ஒரு பண்ணையில் 'குதிரை தெரபி' தருகிறார்களாம், போய்த்தான் பாரேன் என்கிறாள் அக்கா. மாமியாரோ, 'மனுஷங்ககிட்ட சொல்லாததைக் குதிரைகிட்ட என்ன சொல்லப்போறே?' என்கிறார். போகலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மாமியார் கேட்டது நல்ல கேள்வி. குதிரையிடம் எதையும் சொல்லவே வேண்டாம், இதில் இருக்கும் விசேஷமே அதுதான்.

நூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும், ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து 1907-ல் குட்டை உடைத்தார்: ஹான்ஸுக்குக் கணக்கே தெரியாது, சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை அவரை அறியாமல் இம்மி அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் ஃபெயில். வேட்டை மிருகங்களிடம் தப்பிப் பிழைத்த இனம் இல்லையா, எதிரில் நிற்பவரின் உடம்பைப் படிப்பது அதன் பிழைப்பு. உங்கள் 'நல்லா இருக்கேன்' அதற்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். இறுகிய தோளும் பாதியில் நிற்கும் மூச்சும்தான் அதற்குத் தெரியும்.

ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். சவாரியே கிடையாது, கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொன்னார்கள். வந்திருந்த பெண் சிரித்த முகத்தோடு இழுத்தார், நானூறு கிலோ உருப்படி, வருமா? காலை ஊன்றி நின்றுகொண்டது, ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பத்து நிமிடத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. கயிற்றைத் தளர்த்தி, 'என்னால முடியல' என்று பெருமூச்சு விட்டுத் திரும்பி நடந்தார். அது தலையைத் தாழ்த்தி வாயை மென்றபடி பின்னாலேயே வந்தது. கூட நின்ற ஆலோசகர் கேட்டது ஒன்றுதான்: 'வீட்ல யார்கிட்டயாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?'

அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் வாங்குவது வெறும் குதிரைச் சவாரி டிக்கெட். அதனால் போன் போட்டு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் கூட இருப்பாரா என்று கேளுங்கள். 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடலாம்.

சரி, பலன் உண்டா? அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் போர் அதிர்ச்சியில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் 63 பேருக்கு 8 வாரம் இதைக் கொடுத்துப் பார்த்தது. 2021-ல் வந்த முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, குதிரையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் போய், 'ஏன் இருக்கணும்' என்ற நினைப்பு வந்தால் பண்ணை காத்திருக்கட்டும், முதலில் மனநல மருத்துவர். ராத்திரி நேரமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

போவதென்றால் மாமியாரையும் கூட்டிப்போங்கள், போனது அவர் பெற்ற பிள்ளை. செருப்பு வேண்டாம், மிதித்துவிடும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், அவருக்கும் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.