தம்பியை ஊருக்கு அனுப்பினால் திருந்துவானா?

அக்கா, ஸ்காபரோவில் தம்பி கிராக் (புகைக்கும் வகைக் கொக்கெய்ன்) புகைக்கிறான், வீட்டு நகை காணாமல் போகிறது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் திருந்துவானா என்று கேட்டிருந்தீர்கள். என் அண்ணனை நாங்கள் அனுப்பிப் பார்த்தோம். ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தார். ரொறன்ரோ திரும்பிய வாரமே பழைய கூட்டாளி வீட்டில் கிடந்தார். அதற்கு முன்பெல்லாம் குசினியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஏன் குறைகிறது என்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பார். புகைக்கும் குழாய்க்குள் வைக்கத்தான் அண்ணன் எடுத்திருக்கிறார். உதட்டில் எப்போதும் சுட்ட புண்.

புகைத்தால் சில நொடியில் தலைக்கேறும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். உடனே அடுத்தது கேட்கும். நகை போவது அப்படித்தான். ஹெரோயினுக்கு மெதடோன் போல இதற்கு மாற்று மருந்து கிடையாது. கவுன்சிலிங்தான் பிரதான சிகிச்சை. கனெக்ஸ்ஒன்ராறியோ என்ற உதவி எண்ணுக்கு (1-866-531-2600) அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், குடும்பத்தவரும் பேசலாம், எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள்.

அப்புறம், இன்றைக்கே பார்மசியில் நலோக்சோன் கேளுங்கள், காசில்லாமல் தருவார்கள். ஹெரோயின், ஃபென்டனில் போன்றவை அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்து அது. கிராக்கில் ஃபென்டனில் என்ற மிக வலுவான போதைப்பொருள் கலந்திருக்கலாம். மயங்கி விழுந்தால் 911 தான். கையில் பொருள் வைத்திருந்ததற்காகப் பிடிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உதவிக்கு அழைப்பவருக்கு கனடாவின் 2017 சட்டம் அதில் பாதுகாப்புத் தருகிறது. மிச்ச நகையை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள்.