காளான்: கறிக்குச் சமமா? வாசகர் கேள்வி பதில்

கறையான் புற்றில் முளைக்கும் காளானில் கறிக்குச் சமமான புரதம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பந்தலூர்

உலர்த்திய காளானை வைத்துச் சொல்லும் கணக்கு அது. பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமைக் காயவைத்தால் 10 கிராம்தான் தேறும். அதில் கால் பங்கு புரதம் என்று வைத்தாலும் 2.5 கிராம். ஒரு கோழிமுட்டையிலேயே சுமார் 6 கிராம் இருக்கிறது.

அந்த 2.5-லும் கழிவு உண்டு. புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால், ஆய்வகத்தில் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது; நண்டு ஓட்டில் இருப்பதும் அதுதான். அதிலுள்ள நைட்ரஜனும் புரதக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் காளானுக்கு 4.38-ஆல் பெருக்குவது வழக்கம். அப்போது 2.5 கிராம், 1.75 ஆக இறங்கிவிடும். கறிச்சுவை தருவது குளுட்டாமிக் அமிலம்; நாக்குதான் ஏமாறுகிறது. கொழுப்பு மிகக் குறைவு. பொட்டாசியமும், ரைபோஃப்ளேவின், நியாசின் என்ற பி வைட்டமின்களும் தாராளம். சாப்பிட அந்தக் காரணமே போதும்.

மஞ்சள் தண்ணீரில் போட்டு நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாமா?
– வாசகி, குலசேகரம்

கூடாது. மஞ்சள், வெள்ளிக் கரண்டி, பூண்டு எதுவும் விஷத்தைக் காட்டாது. அமாட்டாக்சின் என்ற காளான் விஷம் கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி, பேதி தொடங்கும். இடையில் சரியாகிவிட்டது போலத் தோன்றும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள். பெரிய வகைகளில் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். குடையை மட்டும் வெட்டி, செதில்பக்கம் (குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பக்கம்) கீழே இருக்க வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் இரவு முழுக்க மூடுங்கள். புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாக விழும். புல்தரையில் குடைபோல வரும் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளானின் தூள் பச்சையாக விழும். இளசில் அதன் செதிலும் வெள்ளைதான், ஏமாறுவது அங்கேதான். தூள் இளஞ்சிவப்பு என்பது மட்டும் போதாது. வகை தெரிந்தவர் பார்க்காத காளானைத் தொடாதீர்கள்.

காயவைத்தால் சத்து போய்விடுமா?
– வாசகர், செங்கோட்டை

ஒரு சத்து கூடும். காளானில் உள்ள எர்கோஸ்டெரால், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆகிறது. மெல்லிய துண்டுகளாக்கி, செதில் மேலே தெரிய உச்சி வெயிலில் பரப்புங்கள். சமைக்கும்போது நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் வடிநீரோடு போய்விடும். தன் நீரிலேயே வதக்குங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் கௌட் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவது நல்லது; உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் காளானில் உண்டு.