முதலில் செத்த இரண்டும், பின்னால் செத்த ஒன்பதும்

கேள்வி: ஐயா, எனக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம். வீட்டுக்குப் பின்னால் 22 நாட்டுக்கோழி வைத்திருந்தேன், சிறுவிடையும் பெருவிடையும் கலந்து. பொங்கல் கழிந்து சந்தையில் மூன்று பெட்டை வாங்கி வந்து இவற்றோடு விட்டேன். அதில் ஒன்று மூன்றாம் நாளே தூங்கி வழிந்தது. வீணாகப் போவானேன் என்று அறுத்துக் குழம்பு வைத்துவிட்டோம். அதிலிருந்து ஆறாம் நாள் காலை கூண்டைத் திறந்தால் இரண்டு பெட்டை செத்துக் கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் நன்றாக மேய்ந்தவை, தீவனப்பை நிறைய தானியம் இருந்தது. மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு நான்கே நாளில் ஒன்பது போய்விட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்கின, ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்து, எலிக்கு மருந்து வைத்திருக்கிறார். எங்களுக்குள் வேலித் தகராறு உண்டு. அவர்தான் விஷம் வைத்தார் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், போலீசுக்குப் போகலாமா என்று யோசிக்கிறோம். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தேன், கேட்கவில்லை. வாத்து இரண்டு இருக்கிறது, அவற்றுக்கு ஒன்றுமில்லை. மீதி 13 கோழியை விற்றுவிடட்டுமா? ஒன்று 11 முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது.

பதில்: அம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டி எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான செய்தி விஷத்தைப் பற்றியது அல்ல. அறுத்துக் குழம்பு வைத்தோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அந்தக் கோழியின் இறகும் குடலும் எங்கே போயின? எழுதவில்லை. ஆனால் நம் ஊரில் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். மறுநாள் காலை மற்ற 24-ம் அதைத்தான் கிளறியிருக்கும்.

விஷம் சாகடிக்கும் விதம் வேறு, சீக்கு சாகடிக்கும் விதம் வேறு. செத்த கோழியைப் பார்ப்பதைவிட, எந்த நாளில் எத்தனை செத்தன என்று காலண்டரில் குறித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வேகமாகக் கொல்லும் விஷம் என்றால், தின்றவை பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளுக்குள் விழுந்துவிடும். இரைக்கு முந்தி ஓடுகிற கொழுத்த கோழியும் சேவலும்தான் முதலில் போகும். பிறகு சாவு சட்டென்று நின்றுவிடும். மருந்து வைத்த இடத்தை ஒட்டியே இரண்டு மூன்று கிடக்கும். அதே இரையைத் தின்றிருந்தால் காக்கையும் மைனாவும்கூட விழும். உங்கள் வாத்தும் தப்பியிருக்காது. உங்கள் கணக்கில் சாவு இரண்டில் தொடங்கி, மூன்று நாள் மூச்சுவிட்டு, பிறகு ஒன்பதாகப் பெருகியிருக்கிறது. விஷம் இப்படி இடைவெளி விட்டுப் பெருகாது. ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற நோய்தான் இப்படி நடக்கும்.

அப்படியானால் முதல் இரண்டும் தீவனப்பை நிறைந்த நிலையில், ஒரு அறிகுறியும் இல்லாமல் ஏன் செத்தன? உங்கள் வீட்டாரைக் குழப்பியது இதுதான், நியாயமான கேள்வி. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோயின் வீரியமான கிருமி புகுந்தால், கழிச்சல் வருவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் முதல் ஒன்றிரண்டை அடித்துவிடும். சாயங்காலம் மேய்ந்த கோழி விடியற்காலை விறைத்துக் கிடக்கும். அடுத்த சுற்றில் வருகிறவைதான் கழிச்சல், மூச்சுத் திணறல், சிறகும் காலும் விழுவது, கழுத்து முறுக்குவது என்று முழுக்கதையும் காட்டும். கிருமி உடம்பில் ஏறி நோய் வெளிப்பட 2 முதல் 15 நாள், பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். நீங்கள் சந்தைக்கோழியை அறுத்ததற்கும் முதல் சாவுக்கும் இடையே ஆறு நாள். கணக்கு இவ்வளவு நேராக வருவது அபூர்வம்.

ஆக என் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல், புத்தகத்தில் இராணிக்கெட் நோய் என்று இருக்கும். உத்தராகண்டில் உள்ள மலையூர் அது. 1920-களின் கடைசியில் இந்த நோயை அங்கே விவரித்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் அதையே அங்குள்ள ஊரின் பெயரால் நியூகாசில் என்கிறார்கள். அந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு பாவமும் செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால், இராணிக்கெட்டுக்கு நம் அரசு தடுப்பு மருந்து தயாராவது இராணிப்பேட்டையில்.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்லக்கூடாத இரண்டு நோய்கள் இருக்கின்றன.

ஒன்று கோழிக் காலரா. இது பாக்டீரியா. வளர்ந்த கோழிகள் திடீரென்று சாகும், கொண்டை நீலம் பாரிக்கும், தாடி வீங்கும். பச்சை மஞ்சளாகக் கழியும். வாத்தையும் விடாது, அதனால் உங்கள் வாத்துகள் நன்றாக இருப்பது காலராவுக்கு எதிரான சாட்சி. பாக்டீரியாவுக்கான அந்த மாத்திரை கேட்கவில்லை என்பதை மட்டும் நான் சாட்சியாக எடுக்கமாட்டேன். சீக்குக்கோழி தண்ணீர்ப் பக்கமே போகாது. நீங்கள் கலந்த மருந்தைக் குடித்தது நல்ல கோழிதான். கேட்டதா கேட்கவில்லையா என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று பறவைக் காய்ச்சல். கண்ணால் பார்த்து இதையும் வீரியமான வெள்ளைக்கழிச்சலையும் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது, சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். தலை வீங்கி, கொண்டை கறுத்து, கால் செதிலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால் சந்தேகம் கூடும். வாத்து இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே ஒன்றும் தெரியாமல் திரியும், ஆகவே இந்த நோய் விஷயத்தில் உங்கள் வாத்துகளின் சாட்சி செல்லாது. இதற்கான உறுதிப் பரிசோதனை போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தில் நடக்கிறது. மாதிரி அனுப்புவது கால்நடைத் துறையின் வேலை. உங்கள் வேலை தகவல் சொல்வது. 1962-க்கு போன் செய்யுங்கள், அல்லது உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் இன்றைக்கே சொல்லுங்கள். கடலூரில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்.

கொண்டுபோவது எப்படி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாள் முன்பு புதைத்ததைத் தோண்டி எடுத்துவந்து என் மேசையில் வைத்தவர்கள் உண்டு. அதில் நாற்றத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. செத்து சில மணி நேரத்துக்குள், இரண்டு பாலிதீன் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இறுகக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் உள்ளுறுப்பு பார்க்கக் கெட்டுவிடும். நோய் முற்றிய கோழி ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம். கேட்டால் அவர்களே வந்து பார்ப்பார்கள். அறுத்துப் பார்க்கும் டாக்டர், கல்லைக் கொண்டு இரையை அரைக்கும் அரைவைப்பைக்கு முன்னால் உள்ள சிறிய இரைப்பையைத் திறந்து, அதன் உட்சுவரில் குண்டூசித் தலை அளவு ரத்தப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடுவார். வெள்ளைக்கழிச்சலின் கைநாட்டு அது, ஆனால் பறவைக் காய்ச்சலிலும் அது வரலாம். காலரா என்றால் ஈரலில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். நீங்களே அரிவாள்மனையில் அறுத்துப் பார்க்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும், பறவைக் காய்ச்சலாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. செத்ததைத் தொடும்போது கையுறை இல்லாவிட்டால் பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் விஷயத்தையும் முழுக்க ஒதுக்கிவிடவில்லை. மல்லாட்டை விதை பட்டத்தில் உண்மையான விஷச்சாவுகளும் வருகின்றன. மருந்து கலந்து விதைத்த பருப்பைக் கோழி கிளறித் தின்னும். இனி ஒரு கோழி திடீரென்று செத்தால் தீவனப்பையைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாயம் ஏறிய பருப்பு, நிறமுள்ள குருணை தெரிகிறதா? எலிக்கு வைக்கும் கருப்புப் பொடி, துத்தநாக பாஸ்பைடு, வயிற்றின் ஈரமும் அமிலமும் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிக் கொல்லும். பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடிக்கும், முகர்ந்து பார்க்கக் கிட்டே போகாதீர்கள். பூச்சிமருந்து என்றால் வாயில் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், கால் இழுத்துக்கொள்ளும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. அவருக்கும் கோழி இருந்தால் அவர் வீட்டிலும் இப்போது சாவு தொடங்கியிருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. தெருவில் மேய்கிற கோழிகள் எல்லாம் நோய்க்கு ஒரே மந்தை. வேலி நமக்குத்தான், கிருமிக்குக் கிடையாது. தடுப்பு மருந்துக் குப்பி 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் வரும். கலக்கிய மருந்து ஓரிரு மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. 13 கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? அவருடையது, எதிர்வீட்டுக்காரருடையது, தெருமுனையில் உள்ளது எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால்தான் உங்கள் கோழிக்கும் ஊசி.

இப்போது கையில் உள்ள 13-க்கு வருவோம். விற்காதீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு அந்தச் சீக்கை விற்றவரும் இதே கணக்குப் போட்டுத்தான் விற்றிருப்பார். வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, எந்த மெடிக்கலிலும் எந்த விலைக்கும் கிடையாது. சுறுசுறுப்பாக உள்ளவற்றைத் தூரமாக ஒரு கொட்டகையில் அடைத்து, தனி ஆள் தனிப் பாத்திரத்தில் தீவனம் வைக்கட்டும். ஆள் இல்லையென்றால் நல்லதற்கு முதலில், சீக்குக்குக் கடைசியில். தண்ணீரில் பி காம்ப்ளக்ஸும் எலக்ட்ரோலைட் பொடியும் கலந்து வையுங்கள். மஞ்சள், சீரகம், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூச்சு வாங்குகிற கோழியின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய் அதிலேயே சாகும். இந்த நேரத்தில் தடுப்பு மருந்து போடலாமா என்பதை நோய் என்னவென்று தெரிந்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே கிருமி ஏறிய கோழியை அது காப்பாற்றாது. ஊசி போட்டதால்தான் செத்தது என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது.

செத்தவற்றை மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பரவனாற்றிலோ வாய்க்காலிலோ எறிந்தால் கீழே உள்ள ஊர் முழுக்க உங்கள் கூண்டின் கதைதான். குப்பைமேட்டின் மேல்பகுதியை வாரி அதே குழியில் போட்டு மூடுங்கள். கூண்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். கடைசிச் சாவிலிருந்து ஒரு மாதமாவது புதுக்கோழி வேண்டாம். அதன்பின் வாங்கினாலும் 21 நாள் தனியே கட்டிவைத்த பிறகுதான் மந்தையில் சேர்க்க வேண்டும்.

தடுப்பு மருந்து முறை இது: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எஃப் ரகம் அல்லது லசோட்டா என்ற சொட்டு மருந்து. 28-ஆம் நாள் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் ஆர்2பி என்ற ஊசி மருந்து, இறக்கையில் தோலுக்கடியில் அரை மில்லி. அதற்குமுன் ஆர்2பி போடாதீர்கள், இளங்குஞ்சு தாங்காது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கிவிட்டால் மருந்து நன்றாகப் பிடிக்கும். குப்பியை ஐஸில்தான் எடுத்துவர வேண்டும். துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள், உங்கள் மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

அடைக்கோழி. அது சுறுசுறுப்பாக எழுந்து இரை தின்றுவிட்டுத் திரும்ப உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்து பதினைந்து நாள் தாண்டியிருந்தால், கூடையோடு வீட்டின் வேறு மூலைக்கு மாற்றி அங்கேயே பொரிக்க விடலாம். குஞ்சுகளை முற்றத்தில் இறக்காமல் உள்ளேயே வைத்து, ஏழாம் நாள் சொட்டுப் போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இப்போதுதான் உட்கார்ந்தது என்றால் முட்டைகளை எடுத்துப் புதைத்துவிடுங்கள். ஓட்டில் எச்சம் ஒட்டியிருக்கும், அதைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம். கோழி இரண்டு நாள் கத்தும்.