மனநலச் சிகிச்சையில் மருந்து கொடுப்பதைத் தவிர செவிலியர்கள் என்ன செய்கிறார்கள்?

பெரும்பகுதி வேலை பேச்சில்தான் நடக்கிறது. "தூங்கினீர்களா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும், "ராத்திரி எப்படிப் போச்சு?" என்றால் ஆள் பேசத் தொடங்குவார். அவர் சொன்னதைச் செவிலியர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். இடையில் வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பமாட்டார். பார்க்க எளிது, செய்வது கஷ்டம்.

பதற்றம் உச்சத்தில் இருப்பவரிடம் நீளமாகப் பேசிப் பயனில்லை. மூச்சை மெதுவாக விடச் சொல்வது, கண்ணில் படும் 5 பொருள்கள், தொட முடிகிற 4, காதில் விழும் 3 ஒலிகள் என்று எண்ணவைப்பது அப்போது உதவும்.

அப்புறம், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். இருக்கிறது என்று பதில் வந்தால், ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காமல் சிகிச்சைக் குழுவுக்கு உடனே தெரிவிப்பார்கள். அவரைத் தனியே விடமாட்டார்கள்.