"உன் விசா எங்கள் கையில்" என்று மிரட்டுகிறார் மேனேஜர்

கேள்வி: அமெரிக்காவில், வர்ஜீனியாவில் வசிக்கிறோம். ஃபெடரல் அரசுத் துறை ஒன்றின் மென்பொருள் வேலையை எடுத்த காண்ட்ராக்டரிடம் சப்-காண்ட்ராக்ட் வாங்கிய கம்பெனியில் என் கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். வாரம் 25 மணி நேரம்தான் வேலை. டைம்ஷீட்டில் 40 போடச் சொல்கிறார் மேனேஜர். சில வாரம் போட்டும்விட்டார். இப்போது மனசு ஒப்பவில்லை. புகார் செய்தால் பாதுகாப்பு அரசு ஊழியருக்குத்தான், காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: சகோதரி, நண்பர்கள் சொல்வது பழைய நிலவரம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 41-ஆம் தலைப்பின் 4712-ஆம் பிரிவு, காண்ட்ராக்டர், சப்-காண்ட்ராக்டர், அரசு மானியம் பெறும் நிறுவனம் ஆகியவற்றின் ஊழியர்களை, புகார் சொன்னதற்காகப் பழிவாங்காதபடி காக்கிறது. 2013 ஜூலை 1-இல் நான்காண்டு சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2016 டிசம்பரில் நிரந்தரமானது. ராணுவத் துறை, நாசா காண்ட்ராக்ட்டுகளுக்கு ஏறத்தாழ இதே போன்ற வேறு பிரிவு இருக்கிறது. உளவு அமைப்புகளின் வேலைக்கு மட்டும் 4712 பொருந்தாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, விஷயத்தை யாரிடம் சொன்னார் என்பதைப் பொறுத்தது. பலர் சறுக்குவது இங்கேதான். அந்தத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் அல்ல, துறையில் நடக்கும் முறைகேடுகளை விசாரிப்பவர்), அந்தக் காண்ட்ராக்டை மேற்பார்க்கும் அரசு அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினர், அரசுக் கணக்கு ஆய்வு அலுவலகம், நீதித்துறை அல்லது சட்ட அமலாக்க அதிகாரி, நீதிமன்றம் – இவர்களிடம் சொன்னால் செல்லும். கம்பெனிக்குள் என்றால், முறைகேட்டை விசாரிக்கவோ சரிசெய்யவோ பொறுப்புள்ளவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து சீட் நண்பரிடம் புலம்பியது கணக்கில் வராது. பத்திரிகையாளர் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

அதனால் உங்கள் கணவர் வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுக்கட்டும். எந்த வாரம், உண்மையில் எத்தனை மணி நேரம், எத்தனை போடச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று நான்கு வரி போதும். "ஊழல் நடக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் விசாரிப்பவர் கையில் ஒன்றும் சிக்காது. குற்றத்தை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமாக நம்பக் காரணம் இருந்தால் போதும்.

இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தின் புகார் ஹாட்லைனில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நாளை வேலையை விட்டு எடுத்தால், "புகார் கொடுத்தது இவர் என்றே எங்களுக்குத் தெரியாது" என்று கம்பெனி கையை விரித்துவிடும். புகார் செய்த தேதிக்கும் புகார் எண்ணுக்கும் சான்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம் அலுவலகக் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பவே கூடாது. வேலையை விட்டு எடுக்கக் கம்பெனிக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். தேதி வாரியாகச் சொந்த நோட்டில் எழுதி வைப்பதே பாதுகாப்பானது.

பழிவாங்கினால், நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் தனியாக ஒரு புகார் தர வேண்டும். முறைகேட்டைச் சொல்லும் புகார் வேறு, பழிவாங்கலைச் சொல்லும் புகார் வேறு. முதலாவதைக் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். விசாரணைக்கு 180 நாள். நீங்கள் சம்மதித்தால் மேலும் 180 நாள் வரை நீளும். அறிக்கை வந்த 30 நாளுக்குள் துறைத் தலைவர் முடிவு சொல்ல வேண்டும். நிவாரணம் மறுக்கப்பட்டாலோ, 210 நாளாகியும் உத்தரவு வராவிட்டாலோ, 2 ஆண்டுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் போய் ஜூரி விசாரணை கேட்கலாம். புகாரும் ஒரு காரணம் என்று காட்டினாலே போதும், அதுவே முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதன்பின் புகார் இல்லாவிட்டாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று கம்பெனிதான் தெளிவான, நம்பும்படியான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ஜெயித்தால் வேலை, விட்டுப்போன சம்பளம், இழப்பீடு, வக்கீல் செலவு கிடைக்கும். வேலையில் சேரும்போது, தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. இந்த உரிமைகளை ஊழியர்கள் பெரும்பாலும் பேசும் தாய்மொழியிலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டியது கம்பெனியின் கடமை. அந்தக் காகிதத்தை உங்கள் கணவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா?

விசா விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. அதை மறைக்க மாட்டோம். மேலே சொன்ன 210 நாளுக்காக விசா காத்திருக்காது. வேலை போனால் எச்-1பி ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி அவருக்காக எச்-1பி மனு போட்டாக வேண்டும். அதனால் புகாருக்கு முன்பே வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கட்டும். மாறிப் போன பிறகும் முறைகேட்டைச் சொல்லலாம். சம்பளச் சீட்டு, ஐ-797 (எச்-1பி மனு ஏற்கப்பட்டதற்கான கடிதம்), ஐ-94 நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே 40 என்று கையெழுத்திட்ட டைம்ஷீட்டுகள் அவர் பெயரில் இருக்கின்றன. செய்யாத வேலைக்கு அரசிடம் பணம் கேட்பது பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வரும். எனவே ஹாட்லைனுக்கு முன் வக்கீல். காண்ட்ராக்ட் ஊழியர் வழக்குகள் நடத்துபவர் ஒருவர், குடியேற்ற வக்கீல் ஒருவர் என இருவரையும் பாருங்கள். கம்பெனி வைத்துத் தந்த குடியேற்ற வக்கீலிடம் இதைப் பேச வேண்டாம். இந்த வார டைம்ஷீட்டில் மட்டும், மேனேஜர் என்ன சொன்னாலும், 25 மணி நேரம் வேலை செய்திருந்தால் 25 என்றே போடச் சொல்லுங்கள்.